மலைநோய் மனை புகுந்த கதை

1556ஆம் ஆண்டு பாசல் நகரில் அச்சேறிய ஓர் இலத்தீன் நூலில், கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. அங்கே ஏழு கணவர்களை மணந்த பெண்கள் உண்டு என்றும், எழுவரையும் மார்பை அரிக்கும் நோய் இளமையிலேயே கொண்டுபோயிற்று என்றும் நூலாசிரியர் எழுதுகிறார். கனிமங்களை வெட்டுவதும் உருக்குவதும் எப்படி என்று விளக்கும் தொழில்நூல் அது. பெயர் 'டி ரே மெட்டாலிகா'. ஆசிரியர் அக்ரிகோலா நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே மறைந்துவிட்டார். இதனை 1912இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவர், லூ ஹென்றி ஹூவர் என்னும் தம்பதியர். அந்த ஹூவர்தான் பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர். மொழிபெயர்ப்பாளர்கள் அப்பதவிக்கு வருவது அடிக்கடி நிகழ்வதில்லை ஆதலால் இதை இங்கே குறித்து வைக்கிறோம்.

அக்ரிகோலா யோவாக்கிம்ஸ்தால் என்னும் சுரங்க நகரில் மருத்துவராக இருந்தவர். இன்று செக் நாட்டில் யாக்கிமோவ் என வழங்கும் ஊர் அது. அங்கு அடித்த வெள்ளி நாணயம் 'தாலர்' எனப்பட்டது. 'டாலர்' என்ற சொல் அதன் வழி வந்ததே. மலைக்கு அப்பால் சாக்சனியில் ஷ்னேபெர்க் என்னும் இன்னொரு சுரங்க நகரம். இவ்விரு ஊர்களிலும் ஆண்கள் நாற்பது வயதைத் தாண்டுவது அரிதாக இருந்தது. 'மலைநோய்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். சுரங்கத்துக்குள் உறையும் தீய ஆவிகளைப் பற்றி அக்ரிகோலாவும் எழுதுகிறார். ஆனால் நோய்க்குக் காரணமாக அவர் முதன்மையாகக் கருதியது தூசியை. காற்றை உள்ளே செலுத்தும் துருத்திகளுக்கும் விசிறிகளுக்கும் நூலில் அழகிய மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. காரணம் முழுவதும் பிடிபடாவிட்டாலும் மருந்து காற்றோட்டமே என்று அவர் கண்டுகொண்டார். அவ்வெழுவரில் தூசிக்கு இரையானவர் எத்தனை பேர், காசத்துக்கு எத்தனை பேர், நாம் பேசவிருக்கும் வாயுவுக்கு எத்தனை பேர் என்று இன்று பிரித்தறிய வழியில்லை.

மலைநோயின் ஒரு பகுதி நுரையீரல் புற்றுநோய் என்று தெரிய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1879இல் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் ஷ்னேபெர்க் தொழிலாளரின் சடலங்களை ஆராய்ந்து, சுரங்கத்தாரின் இறப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நுரையீரலில் எழும் கட்டியால் நேர்கிறது என்று பதிவு செய்தனர். இந்த ஹெஸ்ஸேதான் பிறகு ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். கிருமி வளர்க்கக் கடற்பாசிப் பசையைப் பயன்படுத்தலாம் என்று சொன்னது அவர் மனைவி ஃபேனி. இன்றும் உலகின் எல்லா ஆய்வகங்களிலும் அந்தப் பசைதான்.

1879இல் 'கதிரியக்கம்' என்ற சொல்லே பிறக்கவில்லை. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தது யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தின் தாதுக் கழிவிலிருந்துதான். தோரியத்தின் கதிர்வீச்சு காற்றோட்டம் பட்டால் ஏறி இறங்குவதை 1899இல் மான்ட்ரியால் நகரில் ஓவன்ஸ் கவனித்தார். திடப்பொருளின் கதிர்வீச்சை இளங்காற்று எப்படிக் கலைக்கும்? தோரியத்திலிருந்து ஏதோ ஒரு வாயு கசிகிறது என்று ரூதர்ஃபோர்டு விடை கண்டார். 1900இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிரீட்ரிக் டோர்ன், ரேடியமும் அவ்வாறே ஒரு வாயுவை வெளிவிடுகிறது என்று காட்டினார். முதலில் 'கசிவு' என்றார்கள். பிறகு ஒளிர்வது என்னும் பொருளில் 'நைட்டான்' என்றார்கள். 1923 முதல் 'ரேடான்' என்ற பெயர் நிலைத்தது.

அதன் பிறப்பு வரிசை எளியது. யுரேனியம் பாறையிலும் மண்ணிலும் எங்கும் சிறிதளவு உள்ளது. அது நானூற்றைம்பது கோடி ஆண்டில் பாதியாகத் தேயும் பொறுமைசாலி. அதன் வழித்தோன்றல் ரேடியத்துக்கு அரை ஆயுள் 1,600 ஆண்டு. ரேடியத்தின் பிள்ளையான ரேடானுக்கோ 3.8 நாள். மூதாதையர் திடப்பொருள், பின்வரும் பொலோனியமும் ஈயமும் பிஸ்மத்தும் திடப்பொருள். இடையில் ரேடான் மட்டும் வாயு. அந்த நான்கு நாளில்தான் அது மண்ணின் துளைகள் வழியே வெளியேறுகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை.

கண்டறிந்ததும் மனிதர்கள் முதலில் செய்தது அதை விலைகொடுத்து வாங்கியதே. 1906இல் யோவாக்கிம்ஸ்தாலில் ரேடான் நீர்க்குளியல் நிலையம் தொடங்கியது. மலைநோய் பிறந்த அதே சுரங்கத்துத் தண்ணீர், மூட்டுவாதத்துக்கு மருந்தாயிற்று. அமெரிக்காவில் 'ரெவிகேட்டர்' என்ற பெயரில் ஒரு பீங்கான் சாடி விற்றார்கள். உட்புறம் கதிரியக்கத் தாது பூசியது. இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் பருக வேண்டும், ரேடான் கலந்த நீர் இளமை தரும் என்பது விளம்பரம். சுரங்கத்தில் அறியாமல் சுவாசித்தவன் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நகரத்தில் அறிந்தே பருகியவன் காசு கொடுத்துக்கொண்டிருந்தான்.

1920களில் ஷ்னேபெர்க் சுரங்கக் காற்றில் ரேடானை அளந்தார்கள். 1925இல் ஜெர்மனி 'ஷ்னேபெர்க் நுரையீரல் நோய்' என்பதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்து இழப்பீட்டுக்கு வழிசெய்தது. ஆகவே 1945க்குப் பிறகு யுரேனியத்துக்காக உலகம் மண்ணைத் தோண்டத் தொடங்கியபோது தெரியாமல் தோண்டியது என்று சொல்ல முடியாது. கிழக்கு ஜெர்மனியில் சோவியத் மேற்பார்வையில் இயங்கிய விஸ்முட் நிறுவனம் அதே ஷ்னேபெர்க் வட்டாரத்திலேயே மீண்டும் இறங்கியது. பிற்காலத்தில் அதன் தொழிலாளரில் ஏறக்குறைய 59,000 பேரின் வாழ்வும் இறப்பும் ஆய்வுக்குள்ளாயின.

அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1950 முதல் கொலராடோ பீடபூமியின் யுரேனியத் தொழிலாளரை ஆராய்ந்தது. 1951இல் வில்லியம் பேல் என்னும் அறிவியலர் ஒரு முக்கிய முடிச்சை அவிழ்த்தார். ரேடான் வாயுவை நாம் உள்ளிழுத்து வெளிவிட்டுவிடுகிறோம். அதன் சேய்ப்பொருள்களோ தூசியில் ஒட்டி நுரையீரலில் படிந்து அங்கேயே வெடிக்கின்றன, பெரும் கதிர்வீச்சு அவற்றாலேயே என்பது அவர் கணக்கு. சுரங்கத்துக்குள் நுழைய ஆய்வாளருக்கு உரிமையாளரின் அனுமதி தேவைப்பட்டது. தொழிலாளரைக் கலவரப்படுத்துவதில்லை என்ற உடன்பாட்டின் பேரில் அது கிடைத்தது என்று 1995இல் அமெரிக்க அரசே அமைத்த ஆலோசனைக் குழு பதிவு செய்திருக்கிறது. அவ்வாறு ஆராயப்பட்டோரில் நவஹோ பழங்குடியினர் பலர். 'கதிர்வீச்சு' என்பதற்கு நவஹோ மொழியில் சொல் இல்லாதிருந்தது என்று இதைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுகின்றனர். இந்தக் குறிப்பில் நமக்கு உடன்பாடில்லை. அச்சொல் தொடக்கத்தில் எந்த மொழியிலும் இல்லை. தமிழிலும் ஆக்கித்தான் கொண்டோம். அருகில் அமர்ந்து 'இந்தக் காற்று உன்னைக் கொல்லும்' என்று சொல்ல எந்த மொழியிலும் சொற்கள் உண்டு. சொல்வதற்கு ஆள்தான் இல்லை. 1967இல் தொழிலாளர் துறை அமைச்சர் வில்லார்ட் வெர்ட்ஸ் சுரங்கக் காற்றுக்கு வரம்பு விதிக்க முனைந்தார். இழப்பீட்டுச் சட்டம் வர 1990 ஆயிற்று. 2024இல் அது காலாவதியாகி, 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது.

இதுவரை கதையில் முதலாளி உண்டு, அரசு உண்டு, மறைத்தவர் உண்டு. வழக்குத் தொடுக்கவும் சினம் கொள்ளவும் முகங்கள் உண்டு. இனி வருவது அவ்வாறில்லை.

வீடுகளில் ரேடான் இருப்பதை முதன்முதல் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் ஸ்வீடனின் பெங்ட் ஹுல்ட்குவிஸ்ட். கதிர்வீச்சின் தாக்கத்தை அளக்கும் அலகுக்குத் தம் பெயரை வழங்கிய ரோல்ஃப் சீவர்ட்டின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு 1956இல் வெளியாயிற்று. படிகாரக் களிப்பாறை என்னும் ஒருவகைப் பாறையிலிருந்து செய்த 'நீலக் கான்கிரீட்' வீடுகளில் அளவு மிகுந்திருப்பதை அவர் கண்டார். 1929 முதல் 1975 வரை அந்நாட்டில் அது விரும்பி வாங்கிய கட்டுமானப் பொருள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வாய்வை எவரும் பொருட்படுத்தவில்லை. ஹுல்ட்குவிஸ்ட் வடக்கே கிருனா நகருக்குச் சென்று வான்வெளியின் துருவ ஒளியை ஆராயத் தொடங்கிவிட்டார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளைச் சேமிக்கக் குளிர்நாட்டினர் சன்னல் இடுக்குகளையும் கதவு விளிம்புகளையும் அடைத்தனர். வெப்பம் தங்கியது, வாயுவும் தங்கியது. தமிழில் 'வீடு' என்னும் சொல் 'விடு' என்பதிலிருந்து வந்தது என்பர். காற்றை விடாத வீடு என்பது நம் காதுக்கு முரண்தொடராகவே ஒலிக்கிறது.

ஆயினும் உலகின் செவியில் இது விழுந்தது பென்சில்வேனியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியால். 1984 டிசம்பர். லிமெரிக் அணுமின் நிலையம் இன்னும் மின்சாரம் தரத் தொடங்கவில்லை. வெளியேறுவோர் உடலில் கதிரியக்க மாசு ஒட்டியிருந்தால் ஒலிக்கும் கருவிகளை வாயிலில் பொருத்தியிருந்தனர். ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர் கடக்கும்போதெல்லாம் அவை ஒலித்தன. ஒருநாள் காலையில் நிலையத்துக்குள் எதையும் தொடும் முன்பே, உள்ளே நுழைகையிலேயே கருவி அலறியது. அவர் மாசை வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். வீட்டை அளந்தபோது ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 2,700 பிக்கோகியூரி. பின்னாளில் அமெரிக்கா 'இதற்கு மேல் போனால் சரிசெய்க' என்று வகுத்த எல்லை 4. மனைவியோடும் பிள்ளைகளோடும் வெளியேறுமாறு 1985 ஜனவரியில் அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. வீட்டைச் சீரமைத்து அளவைத் தாழ்த்திய பின்னரே குடும்பம் திரும்பியது. இத்தனைக்கும் பக்கத்து வீட்டில் குறிப்பிடத்தக்க அளவு இல்லை. நிலத்தடிப் பாறையின் ஒரு மடிப்பு இந்த வீட்டுக்கு நேர் கீழே சென்றதுதான் வேற்றுமை. 'அடுத்த வீட்டில் அளந்தார்கள், ஒன்றுமில்லை' என்னும் ஆறுதலுக்கு ரேடான் இடம் கொடுப்பதில்லை.

அந்தப் பாறைத்தொடர் ரெடிங் புரோங் எனப்படும். பென்சில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்சி வழியே நியூயார்க் மாநிலத்துக்குள் செல்வது. நியூ ஜெர்சியில் அதே ஆண்டுகளில் நடந்ததைத்தான் இந்த வரலாற்றின் திறவுகோல் என்று நாம் கருதுகிறோம். மான்ட்கிளேர் முதலிய சில ஊர்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயங்கிய ரேடியத் தொழிற்சாலைகளின் கழிவு என ஐயுறப்பட்ட மண்ணின் மேல் வீடுகள் எழுந்திருப்பது 1983இல் தெரியவந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். அரசு மண்ணைத் தோண்டிப் பீப்பாய்களில் அடைத்து, வெர்னன் என்னும் ஊரின் கல்குவாரியில் கொட்டத் திட்டமிட்டது. 1986இல் வெர்னன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. வெர்னனோ இயற்கையாகவே ரேடான் மிகுந்த வட்டாரம். குவாரிக்கு வரவிருந்த மண்ணைவிடத் தங்கள் நிலவறைக் காற்று ஆபத்தாயிருக்கக்கூடும் என்று அதே மக்களிடம் சொல்லி, வீட்டைச் சோதிக்கச் செய்ய அரசு படாதபாடு பட்டது. பீட்டர் சாண்ட்மன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, மனிதர் அஞ்சுவது ஆபத்தின் அளவை ஒட்டி அன்று, அதனால் எழும் சினத்தை ஒட்டியே என்ற கருத்தை வளர்த்தெடுத்தார்.

மக்களை அறியாமை உடையோர் என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. கொட்டப்படும் கழிவு அநீதி. பாறையிலிருந்து எழும் வாயு அநீதி ஆகாது. அநீதியை எதிர்ப்பதில் மனிதருக்கு நெடுநாள் பயிற்சி உண்டு. குற்றவாளியே இல்லாத நஞ்சை என்ன செய்வதென்பதற்கு நம் மரபில் பழக்கம் குறைவு. சுரங்கத்தில் பொறுப்பேற்க வேண்டியவர் இருந்தமையால் அறிவு மறைக்கப்பட்டது. வீட்டில் பொறுப்பாளர் எவரும் இல்லாமையால் அறிவு கேட்பாரற்றுக் கிடக்கிறது. வீட்டை விற்க எண்ணுவோன் அளந்து பார்க்கத் தயங்குவதும் உண்டு. எண் கையில் வந்துவிட்டால் அவனே பொறுப்பாளி ஆகிவிடுகிறான் அல்லவா?

இத்தனைக்கும் அளப்பதும் எளிது, தீர்வும் எளிது. குறுகிய காலச் சோதனைக்குக் கரித்தூள் அடைத்த சிறு டப்பா போதும். கதவு சன்னல்களைப் பன்னிரண்டு மணிநேரம் முன்பே மூடி, மனிதர் புழங்கும் அறைகளில் ஆகக் கீழ்த்தளத்தில் அதனைச் சில நாள் திறந்து வைத்து, மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேடான் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஆதலால் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைக்கும் நீண்ட சோதனையே நம்பத்தக்கது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஒரு துண்டு பிளாஸ்டிக். மூக்குக் கண்ணாடிகளுக்கு வில்லை செய்யும் அதே பொருள். ஆல்ஃபா துகள்கள் அதில் மோதுமிடத்தில் நுண்ணிய வடு விழுகிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் குழிகளாக விரிகின்றன; நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். காணாத ஒன்றை எழுதவைத்துப் படிக்கும் முறை இது.

சன்னலைத் திறப்பது தற்காலிகமாக உதவும், பனிக்காலத்தில் இயலாது. வீட்டுக்குள் வெப்பக் காற்று மேலேறுகையில் கீழ்த்தளம் மெல்லிய உறிஞ்சுகுழல் போலாகி மண்ணிலுள்ள காற்றை இழுக்கிறது. விரிசல்களை மட்டும் அடைத்துப் பயனில்லை. ஆகவே வீடு இழுக்கும் முன்பே நாம் இழுத்துவிட வேண்டும். தளத்தில் துளையிட்டு, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுசென்று, இடையில் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது இரவும் பகலும் ஓடும். குழாயில் 'யு' வடிவக் கண்ணாடிக்குழல் ஒன்றில் நிறநீர் இருக்கும். இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். அக்ரிகோலாவின் படங்களிலுள்ள விசிறியின் கொள்ளுப்பேரன்தான் இது.

அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்வதற்கும் எண்கள் உதவும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இல் ரேடானை ஐயமறப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது. 2005இல் சாரா டார்பியும் குழுவினரும் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தனர். ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்றனர். புகைக்காதவர் 75 வயதுக்குள் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு ரேடானே இல்லாத வீட்டில் ஆயிரத்துக்கு 4. 400 பெக்கரல் உள்ள வீட்டில் 7. புகைப்பவருக்கோ 100, 160. பெரும் சுமை புகைப்பவர் மீதே இறங்குகிறது. சிகரெட்டை விடுவதே முதல் ரேடான் மருத்துவம் என்றாலும் தவறில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலை இலக்காகக் கூறி, இயலாவிடினும் 300ஐத் தாண்டாதீர் என்றது. அமெரிக்காவின் 4 பிக்கோகியூரி ஏறத்தாழ 148 பெக்கரல். எந்த எண்ணிலும் 'இதற்குக் கீழ் ஆபத்தில்லை' என்ற கோடு இல்லை. எங்கே செலவு செய்வது என்பதற்கான கோடுதான் உண்டு.

நம் கடற்கரைக்கும் இக்கதையில் ஒரு தொடர்பு உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டை 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அடையாளம் கண்டார். திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணல் அவருக்குத் துப்புக் கொடுத்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. ஓவன்ஸ் கண்ட காற்றசைவுக்குக் காரணமான வாயு, அதாவது ரேடானின் உடன்பிறப்பான தோரான், அதிலிருந்து பிறப்பதே. ஆனால் அதற்கு அரை ஆயுள் 55 நொடிதான். சுவரை விட்டு அதிக தூரம் நடக்கும் முன்பே மறைந்துவிடும். நிலவறை இல்லாத, சன்னல் திறந்த நம் பழைய வீடுகளில் மண்வாயு தேங்க இடமும் குறைவு. குளிரூட்டிக்காக நாளெல்லாம் மூடிக்கிடக்கும் புதிய தரைத்தள அறைகளை அந்த வீடுகளோடு சேர்த்து எண்ண முடியாது.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்று இன்று எப்படி அறிவது? ரேடானின் வழித்தோன்றலான ஒருவகை ஈயத்துக்கு அரை ஆயுள் 22 ஆண்டு. ரேடான் உள்ள அறையில் கண்ணாடிப் பரப்பில் அதன் அணுக்கள் மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு ஆழத்தில் புதைந்துவிடுகின்றன, துடைத்தாலும் போவதில்லை. 1988இல் ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த சாமுவெல்சன் இதைக் கொண்டு பழைய அளவைக் கணிக்கலாம் என்று காட்டினார். அதன்பின் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று, குடும்பம் இடம்பெயரும்போதெல்லாம் விடாமல் எடுத்துச் சென்ற கண்ணாடிப் பொருள் எது என்று கேட்டனர். பெரும்பாலும் எடுத்துக் காட்டப்பட்டவை முகம்பார்க்கும் கண்ணாடிகளும், திருமணப் புகைப்படச் சட்டங்களும்.